கயிறும் சங்கிலியும்

தூத்துக்குடியிற் பிறந்தவர் உப்பை நாவினால் மட்டும் அறிந்தவர் அல்லர்; கண்ணாலும் தோலாலும் அறிந்தவர். நகரை விட்டுத் தெற்கே சென்றால் முத்தையாபுரம், முள்ளக்காடு ஆகிய ஊர்களின் அருகே உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும். வாரிக் குவித்த உப்பு வெயிலிற் சுண்ணக் குன்றுகள் போலக் கண்ணைக் கூசச் செய்யும். கிழக்கே கடல், மேற்கே உப்பு, இடையே வீசும் காற்றிலும் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். அக்காற்றுக்கு இரும்பின்மீது தீராப் பகை உண்டு. கதவின் கீல், பலகணியின் கம்பி, கிணற்றுக் கப்பி, மிதிவண்டியின் பூட்டு ஆகிய எதனையும் அது விட்டு வைப்பதில்லை. ஆதலின் இவ்வூரில் இரும்புப் பொருளை உடையவன் நாள்தோறும் உப்போடு வழக்காடுபவனே ஆவான். அவ்வழக்கில் நான் ஒருமுறை தோற்றேன். அத்தோல்வியின் விலையை நான் கொடுக்கவில்லை; வேறொருவன் கொடுத்தான். அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நான் பழைய முறையில் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டுப் புலவர் பட்டம் பெற்றவன். 1984-இல் தமிழாசிரியனாகப் பணியேற்றேன். என் பள்ளி உப்பளங்களை ஒட்டிய சாலையில் இருந்தது. மூன்றாண்டுகள் மிதிவண்டியிற் சென்றபின், 1987-இல் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் அதன்மேல் ஏறி வருவதைக் கண்டு ஊரார் நகைத்தனர். "நன்னூல் சொல்லும் வாய்க்கு இந்த இடியோசை எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு நெடுவழிச் செலவில் விருப்பம் மிகுதி. விடுமுறை நாள்களில் இராமநாதபுரம், மதுரை, கன்னியாகுமரி என்று பல ஊர்களுக்கும் சென்று கல்வெட்டும் கோயிலும் காண்பது என் வழக்கம். அதற்கு ஏற்ற துணையாக அவ்வண்டி வாய்த்தது.

அவ்வண்டியின் வரலாறும் அறியத்தக்கதே. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இயங்கிய ராயல் என்பீல்டு நிறுவனத்தாருடன் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் கூடி, 1955-இல் சென்னையில் புல்லட் வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். அதற்கெனத் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் ஓய்ந்த பின்னரும் சேய் நிறுவனம் இங்கே ஓயாது தொழில் செய்தது. கடல் கடந்து வந்த ஒரு விதை நம் மண்ணில் வேர்கொண்டு, விதை தந்த மரம் வீழ்ந்த பின்னும் நிழல் தந்ததற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நெடுந்தொலைவு செல்லும் வண்டிக்கு இன்றியமையாத இயல்புகள் சில உள்ளன. மிகுந்த விரைவு அவற்றுள் முதன்மையானது அன்று. நாள் முழுதும் ஒரே சீராக ஓடும் ஆற்றலே முதன்மையானது. என் வண்டியின் உருளையில் விட்டம் 70 மில்லிமீட்டர்; அதனுள் உந்து தண்டு ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர்; கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். விட்டத்தினும் ஏற்ற இறக்கம் நீண்டிருத்தலால் எஞ்சின் மெல்லச் சுழலும்போதே இழுவிசை மிகுதியாகக் கிடைக்கும். கனத்த சுழற்சக்கரம் அவ்விசையைச் சீராக்கும். ஆதலின் சுமையேற்றிச் செல்லும்போதும் அடிக்கடி கியர் மாற்ற வேண்டுவதில்லை. நிமிர்ந்து அமரத்தக்க இருக்கை, தோளை வருத்தாத கைப்பிடி, இரு சக்கரங்களுக்கும் இடையே போதிய நீளம், பலமுறை நிற்காமற் செல்லப் போதுமான பெட்ரோல் தொட்டி, மேடு பள்ளங்களின் அதிர்ச்சியைத் தாங்கும் வில் ஆகியனவும் நெடுவழி வண்டிக்கு வேண்டும்.

எஞ்சினின் தொழில் நான்கு நிலைகளாக நிகழ்வது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுத்தல், அதனை அழுத்துதல், மின்பொறியாற் கொளுத்தி விசை பெறுதல், எரிந்த புகையை வெளியேற்றுதல் என்பன அந்நிலைகள். அவ்வாறு பிறந்த விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது ஒரு சங்கிலி. பட்டறையில் அதனைச் 'செயின்' என்பர். எஞ்சின் எத்துணை வலியதாயினும், அவ்வலிமை முழுதும் விரல் தடிப்புடைய அச்சங்கிலியின் வழியே செல்ல வேண்டும். இதனை நான் வகுப்பிற் பாடமாகச் சொல்லியிருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பேன். ஆனால் வாழ்க்கையில் அதனை மறந்தேன்.

நாள்தோறும் உப்புக் காற்றிற் சென்று வந்த வண்டியை மாலையில் ஒரு துணியால் துடைப்பேன். தொட்டியும் விளக்கும் பளபளவென்று இருக்கும். கண்ணிற்படாத சங்கிலியை நான் கருதவே இல்லை. மழைக்கு முன் ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என எண்ணெய் இட்டதோடு சரி. அது துருவேறி, கண்ணிகள் மடங்க மறுத்து, தளர்ந்து தொங்கியதைப் பட்டறைத் தம்பி ஒருவர் காட்டி எச்சரித்தார். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றேன்.

1992-ஆம் ஆண்டு. என் மாணவன் ஒருவன் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். அவன் தந்தையார் சங்கு குளிப்பவர். இளமையில் முத்துக் குளித்தவர். 1961-இல் நடந்த முத்துக்குளிப்பிலும் அவர் கடலில் இறங்கியவர். நம் கடற்கரையில் அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு அவ்வாண்டோடு நின்றுபோயிற்று. தம் மகன் கடலுக்குள் இறங்காமற் படித்து முன்னேற வேண்டும் என்பது அவர் விருப்பம். நாகர்கோவிலில் ஒரு தொழில்நுட்பப் பயிலகத்திற் சேர்க்கைக்காக அவனை அழைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்குச் சான்றுகளுடன் நேரில் வர வேண்டும் என்பது கட்டளை. "பேருந்தில் ஏன் அலைய வேண்டும்? நானே கொண்டு சேர்க்கிறேன்" என்று வாக்களித்தேன்.

விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்பட்டோம். திருநெல்வேலி வழியே சென்றிருக்கலாம். நானோ கடற்கரை வழியைத் தேர்ந்தேன். தாமிரவருணி கடலோடு கலக்கும் நாட்டையும், திருச்செந்தூரையும், மணப்பாட்டுக் கடற்குன்றையும் அவனுக்குக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். திருச்செந்தூர் கடந்தோம், குலசேகரன்பட்டினம் கடந்தோம். மணப்பாட்டுக்கு அப்பால், இருபுறமும் பனைமரங்களன்றி வேறொன்றும் இல்லாத இடத்தில் 'படார்' என்று ஓர் ஓசை கேட்டது. எஞ்சின் வீறிட்டு முழங்கியது. வண்டியோ தளர்ந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். அறுந்த சங்கிலி சாலையிற் செத்த பாம்பு போலக் கிடந்தது.

சங்கிலியின் இரு முனைகளையும் சேர்ப்பது பூட்டுக் கண்ணி என்னும் சிறு பொருள். அதன் மேற்றகடு தெறித்துப் போயிருந்தது. சில ரூபாய் விலையுள்ள அக்கண்ணி ஒன்று என் பையில் இருந்திருப்பின் அரைமணி நேரத்திற் புறப்பட்டிருக்கலாம். என் பையில் இருந்தது ஒரு கவிதை நூலும், ஒரு துண்டும், சோற்றுப் பொட்டலமுமே.

நெடுநேரம் காத்திருந்தோம். பின்னர் வந்த மீன்வண்டி ஒன்று மாணவனை உவரி வரையில் ஏற்றிச் சென்றது. அங்கிருந்து அவன் பேருந்து மாறி மாறிச் சென்று சேர்ந்தபோது பிற்பகல் ஒரு மணி. அவன் இடம் வரிசையில் அடுத்திருந்தவனுக்கு அளிக்கப்பட்டுவிட்டது. முறை அதுவே, அவர்கள்மேற் குற்றம் இல்லை. மணி தவறியவன் நான்.

மறுநாள் மாலை அவன் வீட்டிற்குச் சென்றேன். எந்த முகத்தோடு செல்வது என்று தெருமுனையிற் சிறிது நேரம் நின்றேன். அவன் தந்தையார் திண்ணையில் அமர்ந்து ஒரு கயிற்றைக் கைகளுக்கிடையே சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு புரியையும் விரலாற் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"அண்ணாச்சி, தவறு என்னுடையது" என்றேன்.

அவர் சினக்கவில்லை. "வாங்க புலவரையா, உட்காருங்க" என்றார். சிறிது பொறுத்து, "வண்டிச் சங்கிலியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்ல வாய் எழவில்லை. அவர் கையிலிருந்த கயிற்றைக் காட்டிச் சொன்னார்: "முத்துக் குளிக்கிறவன் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். அவன் மூச்சுக் கயிற்றிலே இருக்கு. இறங்கின பிறகு கயிற்றைப் பார்க்க முடியாது. படகிலே பார்த்துவிட வேண்டும். நேற்றுப் பார்த்தோம் என்று இன்றைக்கு விடக்கூடாது. உப்பு ஒரு ராத்திரியிலே தின்றுவிடும்."

அவ்வளவே அவர் சொன்னது. நான் பயின்ற நூல்கள் பல. எனினும் அவற்றுள் எதுவும் அன்று அத்திண்ணையிற் கேட்ட சொல்லைப் போல என் நெஞ்சிற் பதிந்ததில்லை.

அவ்வாண்டு முழுதும் அம்மாணவன் தந்தையுடன் சங்கு குளிக்கச் சென்றான். ஆழத்தில் நீரின் அழுத்தம் தாங்காமல் அவனது இடச்செவியின் பறை கிழிந்தது. அடுத்த ஆண்டு வேறொரு பயிலகத்தில் இடம் கிடைத்துப் படித்தான். எந்திரத் தொழில் கற்றான். இன்று துறைமுகத்திற் பாரந்தூக்கிகளைப் பேணும் பொறுப்பில் உள்ளான். இடச்செவி மட்டும் இன்றுவரை நன்கு கேட்பதில்லை. யாரேனும் பேசினால் அவன் தலையைச் சிறிது திருப்பி வலச்செவியை நீட்டுவான். அவன் அவ்வாறு திருப்பும்போதெல்லாம் அறுந்த சங்கிலி என் கண்முன் தோன்றும்.

அன்று முதல் நான் கைக்கொண்ட ஒழுக்கத்தைச் சொல்லுகின்றேன். மாணவர்களே, பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெறும் வரையில் இத்தகைய வண்டியை நீங்கள் ஓட்டுதல் சட்டத்துக்குப் புறம்பானது. ஆயினும் இவற்றுட் பல உங்கள் மிதிவண்டிக்கும் பொருந்தும்.

முதலாவது சங்கிலி. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையாற் சுழற்றி, சங்கிலியின் கீழ்ப்பகுதியை நடுவிற் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். என் வண்டிக்கு அவ்வசைவு 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். மிகத் தளர்ந்தால் பற்சக்கரத்தினின்று நழுவும். மிக இறுகினால் விரைவில் தேயும். சங்கிலி எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லையாதலின் மூன்று நான்கு இடங்களில் அளந்து பார்த்தல் வேண்டும். இறுக்கும்போது அச்சின் இருபுறமும் ஒத்த அளவில் இறுக்காவிடின் சக்கரம் கோணும். அழுக்கை மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையாற் களைந்து, துடைத்து உலர்த்தி, பின்னர்க் கெட்டியான கியர் எண்ணெயை உட்புறத்தில் இட வேண்டும். சுழலும்போது எண்ணெய் வெளிப்புறம் நோக்கிப் பரவிக் கண்ணி முழுதும் நனைக்கும். பூட்டுக் கண்ணியின் தகட்டில் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். திறந்த முனை முன்னோக்கினால் தெறிக்கும் இடர் உண்டு.

இரண்டாவது சக்கரம். காற்றழுத்தத்தை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் உயர்ந்து காட்டுமாதலின் அவ்வளவு உண்மையாகாது. நம் பக்கத்து உடைமுள் டயரின் தடிப்பிற் புகுந்து காத்திருந்து, நாள் கழித்துக் குத்தும்; ஆதலின் டயரைச் சுற்றிலும் கண்ணால் ஆராய வேண்டும். சக்கரத்தின் ஆரக்கம்பிகளைச் சிறு ஸ்பானராற் பைய ஒவ்வொன்றாகத் தட்டினால், இறுகியவை கணீரென ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். யாழுக்கு நரம்பு எவ்வாறோ அவ்வாறே சக்கரத்துக்கு ஆரம்.

மூன்றாவது எண்ணெய். சமதளத்தில் வண்டியை நேரே நிறுத்தி, எஞ்சின் ஓய்ந்து சில நிமிடம் கழிந்தபின் அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் உராய்வு மிகும். பழகிக் கறுத்த எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றாவிடின் அதுவே அழுக்காய் நின்று தேய்க்கும். இங்கே தேரிக்காட்டுச் செம்மணல் காற்றிற் பறப்பது வழக்கம். அம்மணல் எஞ்சினுள்ளே புகாமல் தடுப்பது காற்று வடிகட்டி. அது அடைபட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்; கிழிந்தால் மணல் உட்புகுந்து உருளையைக் கீறும்.

நான்காவது தடையும் மின்சாரமும். முன்தடை பின்தடை இரண்டையும் தெருமுனைக்குள்ளேயே பிடித்துப் பார்க்க வேண்டும். விளக்கு, ஊதி, பின்விளக்கு ஆகியவற்றை எரியவிட்டு நோக்க வேண்டும். என் வண்டியின் மின்கலத்துக்குக் காய்ச்சி வடித்த நீரையே இட வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் அதனைக் கெடுக்கும். அதன் முனைகளில் சிறிது வாசலின் தடவினால் பச்சை படராது.

ஐந்தாவது பை. பூட்டுக் கண்ணி, பொறிச்செருகி எனப்படும் பிளக்கு, கிளட்ச் கம்பி, ஆக்சிலேட்டர் கம்பி, டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், காற்றடிக்கும் பம்பு, பல்பு, பியூஸ், ஸ்பானர்கள் ஆகியன அதில் இருத்தல் வேண்டும். கவிதை நூலுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் கண்ணிக்குப் பின்னரே. சுமையை இருபுறமும் ஒத்த எடையாகவும் தாழ்வாகவும் கட்ட வேண்டும். பின்னே உயரக் குவித்தால் முன்சக்கரம் இலேசாகிக் கைப்பிடி அலையும். ஓட்டுபவனும் பின்னிருப்பவனும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசம் அணிந்து, அதன் வாரைப் பூட்டுதல் வேண்டும்.

கடற்கரையில் வாழ்வோருக்கு ஆறாவது கடமை ஒன்று உண்டு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் ஈர்க்கும்; உப்பு கரைந்த ஈரம் மின்னோட்டத்தை எளிதிற் கடத்தும்; அதனால் துருவேறுதல் விரைந்து நிகழும். ஆதலின் வண்டி ஆறியபின் நன்னீராற் கழுவி, உலரத் துடைத்து, கம்பிகளின் முனைகளிலும் மடக்குகளிலும் எண்ணெய் இட வேண்டும். சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த நீரைக் கொட்டுதல் தீது.

இக்காலத்து வண்டிகள் பல வகையில் முன்னேறியுள்ளன. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புது வண்டிகளில், தடை பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமற் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக் கட்டாயமாயிற்று. பெட்ரோலை அளந்து செலுத்தக் கணிப்பொறி உண்டு. ஆனால் எக்கணிப்பொறியும் சங்கிலிக்கு எண்ணெய் இடுவதில்லை. அஃது இன்னும் மனிதன் கையிலேயே உள்ளது.

2017-இல் நான் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு தை மாதத்தில் அம்மாணவன் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, அன்று பாதியில் விட்ட வழியை முடித்துவிடுவோமா?" என்று கேட்டான். அவன் தந்தையார் அப்போது உயிரோடு இல்லை. முன்னாள் மாலையே வண்டியை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தோம். நான் சங்கிலியை அளந்தேன். அவன் எஞ்சினை ஓடவிட்டு, தலையைத் திருப்பி வலச்செவியை அதன் அருகே வைத்துக் கேட்டான். "வால்வின் இடைவெளி சிறிது மிகுந்திருக்கிறது, ஐயா, தட்டும் ஓசை கேட்கிறது" என்றான். இரு செவியும் உடைய எனக்கு அவ்வோசை கேட்கவில்லை. அவனே அதனைச் சரிசெய்தான்.

மறுநாள் அதே வழியிற் சென்றோம். மணப்பாட்டுக்கு அப்பால், அறுந்த இடம் என்று நான் கருதிய பனைமரங்களின் அருகே வண்டியை நிறுத்தினேன். சொல்ல எண்ணிய மன்னிப்பு இருபத்தைந்து ஆண்டுகளாக என் தொண்டையில் நின்றிருந்தது. "தம்பி" என்று தொடங்கினேன். அவன் குனிந்து சங்கிலியை விரலாற் தொட்டுப் பார்த்து, விரலிற் படிந்த எண்ணெயை எனக்குக் காட்டி முறுவலித்தான். "அப்பா இருந்திருந்தால் இதைத்தான் பார்த்திருப்பார், ஐயா. புறப்படுங்கள், வெயில் ஏறுமுன் கன்னியாகுமரி சேர்ந்துவிடலாம்" என்றான்.

நண்பகலுக்கு முன்னரே முக்கடலும் கூடும் இடத்தை அடைந்தோம். வண்டி ஒருமுறையேனும் முனகவில்லை.

மாணவர்களே, பிறர் நம்மை நம்பி ஏறும் வண்டி ஒன்று நம் ஒவ்வொருவர் கையிலும் உண்டு. ஆசிரியனுக்கு வகுப்பு, மருத்துவனுக்கு மருந்து, மாலுமிக்குக் கப்பல், உங்களுக்கு நீங்கள் அளித்த வாக்கு. அதன் சங்கிலியை வழியிற் பார்க்க இயலாது, புறப்படுமுன்னரே பார்த்துவிடுங்கள்.